கலங்கல் தண்ணீர்

அன்புள்ள மகளுக்கு,

மூன்றாவது வருடமாக மக்காச்சோள மகசூல் குறைகிறது, இன்னொரு மூட்டை யூரியா போடலாமா என்று கேட்டிருந்தாய். இப்போது வேண்டாம். அடுத்த மழையில் குடையோடு வயலின் கீழ்க்கோடியில் போய் நில். வெளியேறும் தண்ணீர் கலங்கலாக இருந்தால் நீ போட்ட உரமும் அதோடுதான் போகிறது.

ஒரு ஹெக்டேரில் ஒரு மில்லிமீட்டர் மண் போனால் எடை சுமார் 13 டன். ஒரு மில்லிமீட்டரை யார் கவனிப்பார்கள்? அதுவும் முதலில் போவது லேசான மண். மக்கிய தழையும் சத்தும் ஒட்டியிருப்பது அதில்தான். நமக்கு மிஞ்சுவது மணலும் கல்லும்.

நானும் இந்தத் தப்பைச் செய்தவன்தான். டிராக்டர் ஓட்ட வசதியென்று சரிவு நிலத்தை மேலிருந்து கீழாக உழுது, பொடிமண்ணாக்கி வைத்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. விதைத்த வாரமே கனமழை. உழவுசால் ஒவ்வொன்றும் வாய்க்காலாகி விதையைக் கீழ்வரப்பில் கொண்டுபோய்க் குவித்துவிட்டது. மறு வருடம் சரிவுக்குக் குறுக்கே உழுதேன். அதே நிலம், தண்ணீர் நின்று நின்று இறங்கியது.

மக்காச்சோளத்துக்கு அகல வரிசை. இலை மூடும்வரை மழைத்துளி வெறும் மண்ணில் அடிக்கும். அடித்து உடைந்த நுண்மண் துளைகளை அடைத்து, மேலே ஓடுபோல இறுகிவிடும். அப்புறம் தண்ணீர் உள்ளே இறங்காது. அதனால் வரிசைக்கு நடுவே தட்டைப்பயறு விதை, படர்ந்து மூடிக்கொள்ளும். பூக்கும் சமயத்தில் ஒரு செடியை மண்ணோடு தோண்டி, வேர்முடிச்சை நகத்தால் கிள்ளிப் பார். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் காற்றிலிருந்து தழைச்சத்து (நைட்ரஜன்) பிடிக்கிறது என்று அர்த்தம். அதில் பெரும்பங்கு வேரும் இலையும் மக்கிய பிறகு அடுத்த பயிருக்குத்தான் கிடைக்கும், பொறுமை வேண்டும். அடுத்த போகத்துக்கு மக்காச்சோளத்தை விட்டு வேறு பயிருக்கு மாறிவிடு.

அறுவடைக்குப் பிறகு மக்காச்சோளத் தட்டையைக் கொளுத்தாதே, அப்படியே பரப்பி விடு. முதல் வருடம் அந்தத் தட்டைக்கு நடுவே விதைப்பது எரிச்சலாகத்தான் இருக்கும். மகசூலும் உடனே கூடும் என்று நான் சொல்லமாட்டேன்.

ஒன்று செய். வயலிலிருந்து ஒரு மண்கட்டி, உழாத வரப்போரத்திலிருந்து ஒன்று. இரண்டையும் நன்றாகக் காயவைத்து, இரண்டு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போடு. எது முதலில் கரைந்து உதிர்கிறது என்று எழுது; மழையிலும் அதுதான் எளிதாகக் கரைந்து போகும். உரத்தைப் பற்றி அப்புறம் பேசலாம்.

அப்பா