கப்பலேறிப் போன அத்தையும் உங்கள் கட்டுரையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிஎன்ஏ சோதனை மூலம் பூர்வீகம் தேடுகிறவர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதில் ஒரு வரி நான்கு நாளாக மனதை விட்டுப் போகவில்லை. "காவிரிக்கரையில் பிறந்தவனுக்கு ஏழு தலைமுறையும் நாக்கு நுனியில் இருக்கிறது, எச்சிலைத் துப்பி முன்னோரைத் தேடுவது வேர் அறுந்தவர்களின் பொழுதுபோக்கு."

யாருடைய நாக்கு நுனியில் ஐயா? அமாவாசைக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கிறவர்கள் அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா என்று மூன்று பெயர் சொல்வார்கள். நிலம் உள்ளவர்களிடம் பத்திரம் இருக்கும். களத்தில் நெல் தூற்றியவர்களின் பெயரை யார் எழுதி வைத்தார்கள்? என் தாத்தா பண்ணையாள். தஞ்சாவூர்ப் பண்ணையாளுக்குப் பாதுகாப்பு என்று ஒரு சட்டம் வந்ததே 1952-ல்தான். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் ஒவ்வொரு பொங்கல் மலரிலும் ஒரு மிராசுதார் வீட்டு வம்சாவளியை ஊஞ்சல் படத்தோடு நான்கு பக்கம் போடுகிறீர்கள். அந்த வீட்டு வயலில் நடவு நட்ட பெண்களில் ஒருத்தி பெயராவது அதில் வந்திருக்கிறதா?

எங்கள் வீட்டிலும் ஒரே ஒரு காகிதம் இருந்தது. தாத்தாவின் அத்தை, அதாவது என் கொள்ளுத்தாத்தாவின் தங்கை, 1890-களில் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்டக் கூலியாகப் போனவர். அங்கிருந்து யாரையோ வைத்து எழுதிய கடுதாசி. தாத்தா அதைத் தகரப் பெட்டியில் வைத்திருந்தார். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயலில் கூரை போனது, பெட்டி நனைந்தது. மறுநாள் அந்தக் கடுதாசியைத் திண்ணையில் விரித்துக் காயவைத்தேன். மை என் விரலில் நீலமாக ஒட்டிக்கொண்டது. படிக்க ஓர் எழுத்து மிஞ்சவில்லை. சரி, பழைய பதிவேட்டிலாவது பார்க்கலாம் என்று ஓர் அலுவலகத்துக்கு மூன்று முறை நடந்தேன். பீரோவைத் திறந்துகூடப் பார்க்காமல் "கரையான் தின்னுடுச்சும்மா" என்றார் அங்கிருந்தவர். அதையும் அப்போது உங்களுக்குக் கடிதமாக எழுதினேன். இரண்டு வரியாகச் சுருக்கி, தலைப்பெழுத்தையும் தப்பாகப் போட்டீர்கள்.

அப்புறம்தான் கனடாவில் இருக்கும் என் மகன் சோதனைக் குழாயை வாங்கி அனுப்பினான். அரை மணி நேரம் முன்னாலிருந்தே தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. எச்சில் கோடு வரைக்கும் நிரம்பக் கால் மணி நேரம் ஆனது. சில வாரம் கழித்து, என்னோடு டிஎன்ஏ பொருந்துகிறவர்களின் பட்டியல் வந்தது. தமிழ்நாட்டில் இருப்பவர்கள் அநேகமாக யாருமில்லை. இங்கே இந்தச் சோதனையை யார் செய்கிறார்கள்? தென்னாப்பிரிக்கா, மொரீஷியஸ், மலேசியா என்றே பெயர்கள். அதில் டர்பனில் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்.

இருவருக்கும் பொதுவான டிஎன்ஏவை செண்டிமார்கன் என்ற அளவில் சொல்கிறார்கள். எள்ளுத்தாத்தா ஒருவரே ஆன மூன்றுவிட்ட உறவுக்குச் சராசரியாக எழுபது சொச்சம் இருக்குமாம். எங்களுக்கு 118. இன்னும் கிட்டத்து உறவாக இருக்கலாம் என்று காட்டியது. ஆனால் என் தாத்தா கட்டியது சொந்த அக்காள் மகளை. ஒரே வேர் எனக்கு இரண்டு வழியாக வந்து சேர்ந்திருக்கிறது, அதனால் எண் ஏறிவிட்டது. அத்தை மகளையும் மாமன் மகளையும் கட்டுகிற ஊருக்கு வெளிநாட்டுக் கணக்கு அப்படியே பொருந்தாது. மூன்றுவிட்ட உறவிலேயே நூறில் பத்துப் பேருக்குப் பொருத்தமே தெரியாமல் போகலாம், நான்குவிட்டதில் பாதிப் பேருக்கு. பொருத்தம் வரவில்லை என்பதால் உறவில்லை என்று ஆகிவிடாது. உங்கள் கட்டுரையாளர் எச்சரிக்க நினைத்திருந்தால் இதையல்லவா எச்சரித்திருக்க வேண்டும்? தகவல் திருட்டைப் பற்றி அவர் எழுதியது சரிதான். அமெரிக்க நிறுவனம் ஒன்றில் 2023-ல் 69 லட்சம் பேரின் விவரம் களவு போனது. நானும் யோசித்துத்தான் செய்தேன். என் தங்கையை வற்புறுத்தவில்லை.

எண்ணை மட்டும் வைத்து நான் எதையும் நம்பவில்லை. டர்பன்காரர் கப்பல் பட்டியலின் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பினார். நேட்டாலில் இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண். பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஊர், ஜில்லா, உடம்பில் உள்ள அடையாளம். ஜில்லா டாஞ்சூர். ஊரின் பெயரை வெள்ளைக்கார எழுத்தர் கடித்துத் துப்பியிருந்தார். வாய்விட்டு நாலு முறை படித்த பிறகுதான் எங்கள் ஊர் கேட்டது. அடையாளம் என்ற கட்டத்தில், இடது முழங்காலுக்குக் கீழே தழும்பு. சின்ன வயதில் தாத்தா மடியில் உட்கார்ந்து நான் கேட்ட கதை அது. அறுப்பில் கதிர் அரிவாள் பட்டு அத்தைக்குக் கால் கிழிந்ததாம், அதே காலோடுதான் கப்பல் ஏறினாராம். அந்தத் தழும்பு அரசாங்கத் தாளில் இருந்தது. அப்பா பெயர் என்ற கட்டத்தில் என் எள்ளுத்தாத்தாவின் பெயர் இருந்தது. அந்தப் பெயரை எனக்கு இங்கே யாரும் சொன்னதில்லை. சொல்ல யாருக்கும் தெரியாது.

அந்த டர்பன் ஆசிரியையை வெறும் 'கசின்' என்று சொல்கிறது டிஎன்ஏ பட்டியல். நான் முறை வைத்துப் பார்த்தேன். அவருடைய அப்பாவைப் பெற்றவர் என் தாத்தாவுக்கு அத்தை மகள். அப்படியானால் அவருடைய அப்பா என் அப்பாவுக்கு அண்ணன் முறை, அவர் எனக்குப் பெரியப்பா மகள். போன தை மாதம் வந்திருந்தபோது அக்கா என்றே கூப்பிட்டேன். தமிழ் பேச வராது. பாட்டியைக் குறிக்கும் "ஆயா" என்ற சொல் மட்டும் அப்படியே இருக்கிறது. வேர் அறுந்தவர் என்கிறீர்களே, அவர் வீட்டில் ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கஞ்சி ஊற்றுவதை நான்கு தலைமுறையாக விடவில்லை. எங்கள் தெருவில் அது நின்று இருபது வருடம் ஆகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தச் சோதனை வேண்டாம் என்று இங்கே சத்தம் போடுகிறவர்களுக்குத் தகவல் திருட்டு மட்டும் பயமில்லை. டிஎன்ஏ யாருடைய சாதியையும் எழுதிக் காட்டாது. ஆனால் எந்தப் பெரிய வீட்டு இரத்தம் எந்தக் குடிசையில் ஓடுகிறது என்பதை மறைக்காது. ஆண்வழி, பெண்வழி என்று பாகுபாடும் பார்க்காது. தாத்தாவுக்கு எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவு பாட்டிக்கும் உண்டு. எந்தப் பட்டாவில் பாட்டிக்கு அந்த இடம் கொடுத்தோம்?

நான் கேட்பது இரண்டே விஷயம். டாஞ்சூர் ஜில்லா இன்று தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்று பிரிந்து கிடக்கிறது. வெளிநாட்டில் இருந்து ஊர் தேடுகிறவர்களுக்கு இது புரியாது. அவர்கள் கையில் இருக்கும் ஊர்ப் பெயரை, எழுத்துப்பிழையோடு இருந்தாலும், வாரம் ஒன்றாக ஒரு மூலையில் போடுங்கள். படிக்கிறவர்களில் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள்.

இரண்டாவது, ஒரு திருத்தம். நேட்டாலுக்கு நாகப்பட்டினத்தில் கப்பலேறினார்கள் என்று கட்டுரையில் இருக்கிறது. நாகப்பட்டினத்திலிருந்து போனது மலேயாவுக்கு. என் பெரியப்பா ரஜூலா கப்பலில் பினாங்கு போனது அங்கிருந்துதான். நேட்டாலுக்குத் தமிழர்கள் போனது சென்னைத் துறைமுகத்திலிருந்து. 1860 நவம்பர் 16-ல் டர்பனை அடைந்த முதல் கூலிக் கப்பல் ட்ரூரோவும் சென்னையிலிருந்து கிளம்பியதுதான். கட்டுரையை யாரோ மொழிபெயர்த்து அனுப்ப, ஆயா கப்பலேறிய இடத்தில் மாலை போட வேண்டும் என்று அக்காவின் மகன் நாகப்பட்டினத்துக்கு வரக் கிளம்பிவிட்டான். கடிதத்தைச் சுருக்குவதாக இருந்தால் என் சொந்தக் கதையை எடுத்துவிடுங்கள். இந்தத் திருத்தத்தை மட்டும் எடுத்துவிடாதீர்கள். அடுத்த மாதம் 9-ஆம் தேதி அவன் விமானம் ஏறுகிறான்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
ஓய்வுபெற்ற செவிலியர்,
திருத்துறைப்பூண்டி வட்டம்.