கிளாட்ஸ்டனுக்கு முன்பே கூடிய கூட்டம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1876 பல்கேரியப் படுகொலைகள் பற்றி சென்ற இதழில் வந்த கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் படித்து முடிக்கும்போது, முன்னாள் பிரிட்டிஷ் பிரதமர் கிளாட்ஸ்டன் பேனாவை எடுத்தார், இங்கிலாந்து விழித்துக்கொண்டது என்ற எண்ணம்தான் மனதில் நிற்கிறது. நடந்தது கிட்டத்தட்ட தலைகீழ்.

அந்த ஏப்ரலில் துருக்கி ஆட்சியை எதிர்த்துப் பல்கேரியர்கள் கிளர்ந்தார்கள். பாஷி-பஸூக் என்ற துணைப்படையினர் ஊர்களுக்குள் புகுந்து வெட்டித் தள்ளினார்கள். ஜூன் 23-ஆம் தேதியே லண்டன் 'டெய்லி நியூஸ்' இதை வெளியிட்டுவிட்டது. பிரதமர் டிஸ்ரேலியோ காப்பிக்கடை அரட்டை என்று நாடாளுமன்றத்தில் ஒதுக்கித் தள்ளினார். பத்திரிகை விடவில்லை. மக்கஹான் என்ற அமெரிக்க நிருபரை நேரில் அனுப்பியது. படாக் என்ற ஊரில் அவர் கண்ட பிணக்குவியல்கள் ஆகஸ்டில் அச்சேறின. பிரிட்டிஷ் தூதரகம் விசாரிக்க அனுப்பிய அதிகாரி பேரிங்கின் கணக்கே சுமார் 12,000 பேர் செத்தார்கள் என்றது. அப்புறம் அரட்டை என்று யார் சொல்ல முடியும்?

அந்த ஆகஸ்டிலேயே இங்கிலாந்தில் கண்டனக் கூட்டங்கள் தொடங்கிவிட்டன. வட இங்கிலாந்தின் டார்லிங்டனில் 'நார்தர்ன் எக்கோ' நாளிதழ் ஆசிரியராக இருந்த ஸ்டெட்டுக்கு அப்போது 27 வயது. ஊருக்கு ஊர் கூட்டம் போடுங்கள் என்று எழுதிக்கொண்டே இருந்தார். ஆங்கிலிகன் திருச்சபையில் சேராத சபைகளின் போதகர்களும் முன்னால் நின்றார்கள். கிளாட்ஸ்டன் லிபரல் கட்சித் தலைமையை விட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. இடுப்புவலியோடு படுக்கையில் கிடந்து இந்தப் படுகொலைகளைக் கண்டித்து அவர் எழுதிய சிறு பிரசுரம் செப்டம்பர் 6-இல்தான் வெளிவந்தது. மாதக் கடைசிக்குள் 2 லட்சம் பிரதிகள் விற்றன. 9-ஆம் தேதி, சனிக்கிழமை, லண்டன் பிளாக்ஹீத் திடலில் கொட்டும் மழையில் சுமார் 10,000 பேர் முன் பேசினார். ஒலிபெருக்கி இல்லாத காலம். பின்னால் நின்றவர்கள் காதில் எவ்வளவு விழுந்ததோ! ஆனால் சுருக்கெழுத்து நிருபர்கள் குறித்துக்கொள்வார்கள், பேச்சு நாளிதழ்களில் பத்தி பத்தியாக வந்துவிடும். திடலில் நிற்பவர்களுக்காக மட்டும் அன்று யாரும் பேசவில்லை.

துருக்கியைத் திட்டுவதோடு இந்தக் கூட்டங்கள் நின்றிருந்தால் டிஸ்ரேலி கவலைப்பட்டிருக்கவே மாட்டார். முன்பு கிரிமியப் போரில் ரஷ்யாவை எதிர்த்துத் துருக்கி பக்கம் நின்று சண்டையிட்ட நாடு பிரிட்டன். நம் தயவில் நிற்கும் ஆட்சி இப்படிச் செய்தால் நமக்குப் பங்கில்லையா என்று மக்கள் தங்கள் அரசாங்கத்தைக் கேட்டார்கள். 1877-இல் ரஷ்யா துருக்கி மேல் படையெடுத்தபோது பிரிட்டன் ஒதுங்கி நின்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

கட்டுரையாளர் இன்னொன்றையும் தொட்டிருக்கலாம். அதே 1876-இல்தான் நம் பக்கம் தாது வருஷப் பஞ்சம் தொடங்கியது. அடுத்த ஆண்டு லண்டன் மேயர் திறந்த நிவாரண நிதிக்கு ஏராளமாகப் பணம் வந்தது உண்மை. ஆனால் வைஸ்ராய் லிட்டனிடம் கணக்குக் கேட்க பிளாக்ஹீத் போல ஓர் அலை எழவில்லை. துருக்கி சுல்தானின் ஆட்சியில் தெரிந்த குற்றம் சொந்தப் பேரரசில் அவ்வளவு எளிதாகக் கண்ணில் படவில்லை.

1878 தொடக்கத்தில் ரஷ்யப் படை இஸ்தான்புல்லை நெருங்கியதும் லண்டன் தெருக்களின் மனநிலையும் மாறியது. ஹைட் பார்க்கில் சமாதானம் கேட்டுக் கூடியவர்களைப் போர் ஆதரவுக் கும்பல் அடித்துக் கலைத்தது. கிளாட்ஸ்டன் வீட்டு ஜன்னல்களும் உடைந்தன. கட்டுரைக்குத் தொடர்ச்சி உண்டென்றால் அந்த ஹைட் பார்க் கூட்டத்திலிருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திண்டுக்கல்