பழைய தீயணைப்பு நிலையக் கட்டடம்: திருப்பணி நிறைவு அறிக்கை

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்குத் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

தமிழ்ப் பள்ளிக்காக நம் சங்கம் வாங்கிய பழைய தன்னார்வத் தீயணைப்பு நிலையத்தின் பணிகள் முடிந்துவிட்டன. 1736ஆம் ஆண்டிலேயே ஃபிலடெல்ஃபியாவில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் ஒரு தன்னார்வத் தீயணைப்புக் குழுவைத் தொடங்கினார். பென்சில்வேனியாவின் சிற்றூர்களில் இன்றும் பெரும்பாலும் தொண்டர்களே தீயணைக்கிறார்கள். நம் ஊர்த் தொண்டர்கள் இக்கட்டடத்தை விட்டுப் போகக் காரணம் அதன் வாசல். குதிரை பூட்டிய நீராவிப் பம்பு வண்டிக்கு அளவெடுத்த வளைவுக்குள் இன்றைய தீயணைப்பு வண்டி நுழையாது.

கட்டடத்தின் கோபுரத்தை இடித்துவிடலாம் என்று பொதுக்குழுவில் சிலர் சொன்னார்கள். அழகுக்காக எழுப்பியதன்று அது. தீயணைக்க நீர் பாய்ச்சும் பருத்திக் குழாயை ஈரத்தோடு சுருட்டி வைத்தால் மக்கிவிடும்; அதைத் தொங்கவிட்டு உலர்த்தவே இந்தக் கோபுரம். 50 அடிக் குழாயை நடுவில் மடித்துத் தொங்கவிட்டாலும் 25 அடி உயரம் வேண்டும். அதற்காகத்தான் உள்ளே தளமே இல்லாமல் உச்சிவரை வெற்றிடமாக விட்டிருக்கிறார்கள். காற்றுப் போக வைத்த சாய்பலகைகளை யாரோ ஒட்டுப்பலகை அடித்து மூடியிருந்தார்கள். அதைப் பிரித்தோம்.

செலவில் பாதிக்கு மேல் செங்கற்சுவருக்கே போயிற்று. முன்பு பழுது பார்த்தவர்கள் செங்கல் இடுக்குகளில் சிமெண்ட் பூசியிருந்தார்கள். பழைய செங்கல் மென்மையானது. அது குடித்த நீரைச் சிமெண்ட் வெளியே விடாது. குளிர்காலத்தில் அந்த நீர் உறைந்து விரிந்து, செங்கலின் முகம் செதில் செதிலாக உதிரும். ஊரில் சுண்ணாம்புக் காரை பூசிய கோயில் மதிலுக்குச் சிமெண்ட் போட்டுக் கெடுத்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இயந்திரம் வைத்தால் செங்கல் விளிம்பு உடையும் என்பதால் உளியால் சுரண்டி எடுத்துச் சுண்ணாம்புச் சாந்து வைத்தோம். உறைபனியில் சுண்ணாம்பு வேலை செய்யக் கூடாது. தாமதத்துக்காகக் குழுவைக் கடிந்துகொண்டவர்கள் பனியையும் சேர்த்துக் கடிந்துகொள்ளலாம்.

மாடியிலிருந்து சறுக்கி இறங்கும் கம்பம் அப்படியே இருக்கிறது. 1878இல் சிகாகோவில் தோன்றிய ஏற்பாடு இது. காப்பீட்டு நிறுவனம் ஒப்பவில்லை; ஆகவே மேல்தளத் துளையைக் கெட்டிக் கண்ணாடியால் மூடியிருக்கிறோம். பிள்ளைகள் ஏற்கெனவே முறையிட்டுவிட்டார்கள்.

வடபுறக் கூரையின் பலகைக்கல் ஓடுகளை மாற்றும் வேலை மட்டும் நிதிக்காக நிற்கிறது. தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கு அலுவலகத்தில் உள்ளது. ஞாயிறு வகுப்பு நேரத்தில் யாரும் வந்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்