ஜெபா கையில் கொடுத்து அனுப்பும் கடிதம்

செல்ல மகளுக்கு, அம்மா எழுதுவது. ஸ்தோத்திரம்.

தபாலில் போடாமல் ஜெபா கையில் கொடுத்துவிடுகிறேன். தனியாக இருக்கும்போது படி. பாஸ்போர்ட்டை உன் பையிலேயே வைத்துக்கொள், அலமாரியில் வேண்டாம்.

சபை அசன விருந்து நன்றாக நடந்தது. அப்பாவுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது. மற்றதை ஜெபா சொல்வாள்.

சபைக்குப் புதிதாக வந்திருக்கும் போதகர் ஐயர், பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஜோசப் ஃபிளெட்சரைப் பற்றிப் பேசினார். அமெரிக்கக் குருவானவர், 1966-ல் வந்த புத்தகம். எந்தச் சூழ்நிலையிலும் நல்லது என்று சொல்லத்தக்கது அன்பு ஒன்றுதானாம். மற்றக் கட்டளைகளை மதிக்க வேண்டும், ஆனால் அவை அன்புக்குக் குறுக்கே நின்றால் ஒதுக்கி வைக்கலாம் என்கிறார். இந்தப் போக்கைப் பன்னிரண்டாம் பயஸ் போப் 1952-லேயே கண்டித்திருக்கிறார். சங்கத்திலும் பலர் முகம் சுளித்தார்கள். எனக்கும் முழுச் சம்மதம் இல்லை. அன்பு என்று யார்தான் சொல்லமாட்டார்கள்? கை ஓங்குகிறவனும் அன்பினால்தான் என்கிறான். ஆனால் ஃபிளெட்சர் சொல்வது மனதில் பொங்குகிற ஆசையை அல்ல. அடுத்தவருக்கு எது நன்மையோ அதைத் தேடிச் செய்வதை. அந்த அன்பும் நீதியும் ஒன்றுதான் என்கிறார். "அன்பானது பிறனுக்குப் பொல்லாங்கு செய்யாது." ரோமர் 13-ஐ ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பித்து மகாசபைப் பரிசு வாங்கியவள் நீ. அப்பா அந்தக் கேடயத்தை இன்னும் துடைத்து வைக்கிறார்.

அந்தப் பிள்ளைதான் இப்போது வீடியோவை அணைத்துவிட்டுப் பேசுகிறது. நெட்வொர்க் சரியில்லை என்கிறாய். உன் பின்னால் டிவி ஓடுவது தெளிவாகக் கேட்கிறது, உன் முகம் மட்டும் வரவில்லை. யாத்திராகமத்தில், ஆண் பிள்ளைகளைக் கொல்லச் சொன்ன பார்வோனிடம் மருத்துவச்சிகள் சிப்பிராளும் பூவாளும் பொய் சொன்னார்கள். பிள்ளைகள் பிழைத்தன, தேவன் அவர்களுக்கு நன்மை செய்தார். நீ சொல்லும் பொய்யால் யார் பிழைக்கிறார்கள், மகளே? அப்பாவின் சபைப் பொறுப்பா? சித்தி வீட்டுக் கல்யாணமா? அதற்காக என்றால் எங்களுக்கு அது வேண்டாம். எங்களை இவ்வளவுதானா தெரிந்து வைத்திருக்கிறாய்?

போன மாதம் பேச்சோடு பேச்சாக மத்தேயு 19-ஐச் சொன்னாய். தேவன் இணைத்ததை மனுஷன் பிரிக்கக் கூடாது, சரி. அதைச் சொன்ன ஆண்டவர்தான் ஓய்வுநாள் மனுஷனுக்காக உண்டாக்கப்பட்டது என்றும் சொன்னார். பசித்த சீஷர்கள் கதிர் கொய்ததற்குக் கோபப்பட்டவர்கள் பரிசேயர், அவரல்ல. உங்கள் பெரியத்தை கடைசிவரை அந்த ஒரு வசனத்தையே பிடித்துக்கொண்டு அந்த வீட்டில் இருந்தாள். உனக்குத் தெரியாதது இல்லை.

ஃபிளெட்சர் மணவாழ்க்கையைப் பற்றி எழுதிய பக்கத்தை நகல் எடுத்து உள்ளே வைத்திருக்கிறேன். ஐயரிடம் எதற்கென்று சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்ல வேண்டாம். நேரத்துக்குச் சாப்பிடு. பாஸ்போர்ட்டும் கொஞ்சம் பணமும் பையிலேயே இருக்கட்டும். சான்றிதழ்களை ஜெபாவிடம் கொடுத்தாலும் சரி.

பதில் எழுதாதே. ஜெபா இருபதாம் தேதி திரும்புகிறாள். அதே விமானத்தில் இன்னும் இடம் இருக்கிறது என்று அப்பா விசாரித்துவிட்டு வந்தார்.

அம்மா