கூப்பன் வெட்டிய பக்கம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொழுதுபோக்கு இதழ்களின் மறைவு பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். நிஜ ரயிலைச் சிறிய அளவில் வீட்டிலேயே செய்து ஓட்டிப் பார்ப்பவர்களுக்கான மாதிரி ரயில் இதழ்களுக்கும் அதில் ஒரு பத்தி ஒதுக்கியிருந்தீர்கள். அதுவே எனக்குப் பெரிய ஆச்சரியம். ஆனால், இணையம் வந்ததும் இவை செத்துவிட்டன என்று கட்டுரையாளர் ஒரே வரியில் காரியத்தை முடித்திருக்கிறார். பிரிட்டனில் 1934-இல் தொடங்கிய ‘மாடல் ரயில்வே கன்ஸ்ட்ரக்டர்’ 1987-இல் நின்றுபோனது. அப்போது எந்த வீட்டில் ஐயா இணையம் இருந்தது?

நான் ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். பள்ளி நாட்களில் சென்ட்ரலை ஒட்டியிருந்த மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளில் பிரிட்டனின் ‘ரயில்வே மாடலர்’ இதழ்களை எட்டணாவுக்குப் பேரம் பேசி வாங்குவேன். கட்டுரைகளுக்குப் பிறகுதான் போவேன், முதலில் விளம்பரங்கள். எந்த இஞ்சின் எத்தனை ஷில்லிங் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். அவற்றில் ஒன்றைக்கூடக் கையால் தொட்டதில்லை என்பது வேறு விஷயம்.

இந்த விளம்பரங்களைத்தான் கட்டுரையாளர் கோட்டைவிட்டிருக்கிறார். அமெரிக்காவில் பொருளாதாரம் படுத்துக்கிடந்த 1934 ஜனவரியில், மில்வாக்கியில் ஏ.சி. கால்ம்பாக் ‘மாடல் ரயில்ரோடர்’ இதழைத் தொடங்கினார். அந்தக் காலத்தில் ஒருவர் செய்த பெட்டி இன்னொருவர் வீட்டுத் தண்டவாளத்தில் ஓடாது. சக்கரத்தின் விளிம்பு ஒரு அளவு, கொக்கி ஒரு அளவு என்று ஆளுக்கொரு கணக்கு. மறு ஆண்டே அதே மில்வாக்கியில் ஆர்வலர்களும் தயாரிப்பாளர்களும் இதழ்க்காரர்களும் கூடித் தேசிய மாதிரி ரயில் சங்கத்தை அமைத்து, அளவுகளை ஒழுங்குபடுத்தத் தொடங்கினார்கள். எச்.ஓ. என்ற மாதிரி அளவு என்றால் நிஜ ரயிலில் 87-இல் ஒரு பங்கு, தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர் என்பது எல்லோருக்கும் பொதுவானது. (நம் அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர். 87-ஆல் வகுத்தால் 19-க்கு மேல் வருகிறது. கடையில் விற்கும் எந்தத் தண்டவாளமும் நமக்கு ஒத்துவராது என்பதைப் பதினைந்து வயதில் நானே வகுத்துப் பார்த்து, இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்தேன்.) அளவு பொதுவானதும், வீட்டுப் பின்கட்டில் சக்கரம் வார்ப்பவர்கூட நம்பிக் காசு போட்டு விளம்பரம் கொடுக்கலாம், படித்தவரும் நம்பிப் பணம் அனுப்பலாம். இதழ்கள் தடித்தது இப்படித்தான்.

விளம்பரம் என்றதும் முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு பெயர் சொல்கிறேன்: கலிஃபோர்னியாவின் மான்டரேயில் வாழ்ந்த ஜான் ஆலன். ‘கோரி அண்டு டிஃபீட்டட்’, அதாவது ரத்தம் சிந்தித் தோற்றது, என்று விளையாட்டாகப் பெயர் வைத்து, வீட்டின் கீழ்த்தளத்தில் மலையும் பள்ளத்தாக்குமாக ஒரு ரயில் பாதையையே கட்டியவர். தொழில் புகைப்படம். வார்னி நிறுவனத்தின் இஞ்சின்களுக்கு அவர் எடுத்த விளம்பரப் படங்களைப் பார்த்துத்தான், பொம்மை ரயிலுக்கும் துருவும் தூசியும் படியலாம் என்று பலர் தெரிந்துகொண்டார்கள். 1973 ஜனவரியில் அவர் இறந்தார். சில நாட்களிலேயே தீப்பிடித்து அந்தப் பாதையும் அழிந்தது. இன்று அதைப் பார்க்க வேண்டுமென்றால் அந்தப் படங்களைத்தான் பார்க்க வேண்டும்.

இந்த இதழ்கள் தேய்ந்த கதை நீளமானது, சுருக்கிச் சொல்கிறேன். சிறுவயதில் நீராவி இஞ்சினைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு வயதாகிவிட்டது, அதை மறுக்கவில்லை. ஆனால் அமெரிக்கச் சிற்றூர்களின் பொழுதுபோக்குச் சாமான் கடைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது, இதழ்கள் விற்ற இடமும் போனது, விளம்பரம் கொடுத்த கையும் போனது. இணையம் முதலில் கொண்டுபோனது விளம்பரதாரர்களைத்தான். தயாரிப்பாளர்கள் தங்கள் தளத்திலேயே முன்பதிவு வாங்கி, வந்த எண்ணிக்கைக்கு மட்டும் செய்யத் தொடங்கிவிட்டார்கள். அளவு வரைபடங்களுக்குப் பேர்போன ‘மெயின்லைன் மாடலர்’ 2006-இல் நின்றது. 2014-இல் கார்ஸ்டன்ஸ் பதிப்பகம் மூடப்பட, அதன் ‘ரயில்ரோடு மாடல் கிராஃப்ட்ஸ்மன்’ வேறொருவர் கைக்குப் போய்ப் பிழைத்தது. ‘மாடல் ரயில்ரோடர்’ தொண்ணூறு ஆண்டு நிறைந்த 2024-இல் கால்ம்பாக் நிறுவனத்திடமிருந்து ஃபயர்கிரவுன் நிறுவனத்துக்குக் கைமாறியது. அதன் வாசகர் கடிதப் பகுதிக்கு ‘ரயில்வே போஸ்ட் ஆபீஸ்’ என்று பெயர், ஓடும் ரயிலில் கடிதம் பிரித்த நம் ஆர்.எம்.எஸ். பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள்.

படிப்பது நின்றுவிட்டதா என்றால், அதுவும் இல்லை. 2009-இல் தொடங்கிய ‘மாடல் ரயில்ரோடு ஹாபியிஸ்ட்’ இணையத்தில் இலவசமாகவே வந்தது. செலவை விளம்பரங்கள் சுமந்தன. 1949-இல் பிறந்த ‘ரயில்வே மாடலர்’ காகிதத்தில் தாக்குப்பிடித்ததன் சூட்சுமமும் கிட்டத்தட்ட இதுதான். அதை வெளியிடும் பீக்கோ, மாதிரி ரயிலுக்கான தண்டவாளமும் தடம் மாற்றும் பாயிண்டும் செய்து விற்கும் நிறுவனம். விளம்பரதாரரே முதலாளி. பத்திரிகை தர்மம் பேசுபவர்களுக்கு இது உறுத்தும். எனக்கும் சற்று உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் சி.ஜே. ஃப்ரீசர் ஆசிரியராக இருந்தபோது 1957-இல் அதே இதழில் போட்ட ‘மைனரீஸ்’ என்ற குட்டி முனைய நிலையத்தின் வரைபடத்தைப் பார்த்து இன்றும் ஆட்கள் கட்டிக்கொண்டிருக்கிறார்களே!

இதழ்களைத் தொகுதியாக பைண்டு செய்யும்போது விளம்பரத் தாள்களைக் கழித்துவிடும் வழக்கம் நூலகங்களில் உண்டு. உங்கள் கட்டுரையாளர் பார்த்தது அப்படிப்பட்ட தொகுதிகளோ என்னவோ.

என்னிடம் மூர் மார்க்கெட் இதழ்களில் பதினொன்று இன்னும் இருக்கின்றன. ஒன்றில் விலைப்பட்டியல் கேட்டு அனுப்பும் கூப்பனை யாரோ கத்தரித்து எடுத்திருக்கிறார்கள். அதன் மறுபக்கத்தில் ஒரு சரக்கு ஷெட்டின் வரைபடம்; ஒரு சுவர் கூப்பனோடு போய்விட்டது. அந்தச் சுவரை 1970-இல் பென்சிலால் நானே வரைந்து ஒட்டினேன். ஒரு ஜன்னல் கூடுதலாக வைத்துவிட்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர்,
பெரம்பூர், சென்னை.