முதலில் கேளுங்கள், அப்புறம் படத்தைக் காட்டுங்கள்

போர் விமான விபத்துகளை நேரில் கண்டவர்களின் சாட்சியங்களைத் திரட்டும் உள்ளூர் வரலாற்றுக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் உலகப்போரில் வயல்களிலும் கடற்கரைகளிலும் விழுந்து நொறுங்கிய, அல்லது சக்கரம் இறக்காமல் வயிறு உரசத் தரையிறங்கிய போர் விமானங்களைப் பற்றி, அவற்றைப் பார்த்தவர்களைத் தேடிப்போய்ப் பேசிப் பதிவு செய்கிறீர்கள். சம்பளம் இல்லாத வேலை. நீங்கள் செய்யாவிட்டால் வேறு யாரும் செய்யப்போவதில்லை. 1940ல் எட்டு வயதுப் பிள்ளையாக வேலியோரம் நின்று பார்த்தவருக்கு இன்று தொண்ணூறு தாண்டிவிட்டது. நேரம் இவ்வளவு குறைவாக இருப்பதால்தான் பாராட்டோடு நிறுத்தாமல் கொஞ்சம் சண்டையும் போட வேண்டியிருக்கிறது.

இப்படிப்பட்ட பேட்டிகள் பலவும் ஒரே மாதிரி தொடங்குகின்றன. பெரியவர் வந்து உட்கார்ந்ததும் விமானத்தின் படம், விமானியின் பெயர், படைப்பிரிவின் பதிவேட்டு நகல் எல்லாம் அவர் முன்னால் விரிக்கப்படுகின்றன. "நீங்கள் பார்த்தது இந்த ஸ்பிட்ஃபயர்தானே?" என்று ஒரு கேள்வி. அவர் தலையாட்டுகிறார். அதற்குப் பிறகு அவர் சொல்வதில் எது அவர் கண்டது, எது நீங்கள் கொடுத்தது என்று யாராலும் பிரிக்க முடியாது.

இது மிகையான பயம் இல்லை. 1992 அக்டோபர் 4 அன்று இஸ்ரேலின் எல் அல் நிறுவனத்தின் சரக்கு விமானம் ஒன்று ஆம்ஸ்டர்டாமில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் மோதியது. மோதிய கணத்தைப் பிடித்த படச்சுருள் எதுவும் கிடையாது. ஆனாலும் சில மாதங்கள் கழித்து நெதர்லாந்து உளவியல் ஆய்வாளர்கள், "அந்தக் கணத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தீர்களா?" என்று கேட்டபோது 55 சதவீதம் பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். இன்னொரு குழுவிடம் கேட்டபோது அது 66 சதவீதம். இல்லாத ஒரு காட்சியைக் கேள்வியே உண்டாக்கிவிட்டது. அதுவும் சில மாதங்களுக்குள். உங்கள் பெரியவர்களுக்கோ எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது; இடையில் எத்தனை திரைப்படம், எத்தனை நினைவுவிழா!

விமான வகையைக் கேட்பதும் எனக்கு உடன்பாடில்லை. பயிற்சி பெற்ற விமானிகளே அதில் தோற்றிருக்கிறார்கள். 1940ல் ஜெர்மனி, படையில் சேர்க்காத ஹைங்கல் 100 விமானங்கள் சிலவற்றுக்குப் போலிச் சின்னங்கள் தீட்டி, 'ஹைங்கல் 113' என்ற புதிய போர் விமானம் வந்துவிட்டதாகப் படம் வெளியிட்டது. அந்த விமானத்தோடு வானில் சண்டையிட்டதாகப் பிரிட்டிஷ் விமானிகள் அறிக்கை எழுதினார்கள். எண்ணிக்கையும் அப்படித்தான். 1940 செப்டம்பர் 15 அன்று 185 ஜெர்மன் விமானங்களை வீழ்த்தியதாகப் பிரிட்டன் அறிவித்தது; போருக்குப் பின் ஜெர்மன் ஆவணங்களைப் பார்த்தால் சுமார் 60தான். யாரும் பொய் சொல்லவில்லை. ஒரே விமானத்தை மூன்று பேர் சுட்டால் மூன்று கணக்கு. நிலைமை இப்படியிருக்க, பள்ளிக்கூடத்துப் பையன் "மெஸ்ஸர்ஷ்மிட்" என்று ஒரு ஜெர்மன் விமானப் பெயரைச் சொன்னதை வைத்து ஒரு முடிவுக்கு வருவதும் தவறு. அது மெஸ்ஸர்ஷ்மிட் இல்லை என்று தெரிந்ததும் அவர் சொன்ன மற்றதையெல்லாம் தூக்கி எறிவதும் தவறு. இரண்டாவதுதான் எனக்கு அதிக வருத்தம்.

பெயரைக் கேட்காமல் பார்த்ததைக் கேளுங்கள். கொழும்பை எடுத்துக்கொள்வோம். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. ஜப்பானியக் கடற்படை விமானங்கள் தாக்க, எதிர்த்து எழும்பிய பிரிட்டிஷ் போர் விமானங்களில் ஹரிக்கேனும் இருந்தது, ஃபுல்மாரும் இருந்தது. இரண்டுக்கும் ஒற்றை எஞ்சின், அதுவும் ஒரே ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின். சத்தத்தை வைத்துப் பிரிக்க முடியாது. ஆனால் ஹரிக்கேனில் ஒருவர், ஃபுல்மாரில் இருவர். ஆகவே "எத்தனை பேர் இறங்கினார்கள்?" என்ற கேள்வி போதும். மூக்கு உருண்டையாக இருந்ததா, கூராக இருந்ததா? ஜப்பானியப் போர் விமானமான சீரோவுக்கு உருண்டை மூக்கு. பறக்கும்போதும் சக்கரம் தொங்கிக்கொண்டிருந்ததா? அப்படியென்றால் ஜப்பானியக் குண்டுவீச்சு விமானமான ஐச்சி நினைவுக்கு வர வேண்டும். இந்தக் கேள்விகளுக்கு வகைப்பெயர் தெரிந்திருக்கத் தேவையில்லை.

வயிற்றால் இறங்கிய விமானத்தில் எனக்குப் பிடித்த சாட்சி ப்ரொப்பெல்லர், அதாவது மூக்கில் சுழலும் விசிறி. அந்த விசிறியின் இறக்கைகள் உலோகம் என்றால், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது தரையைத் தொட்டால் எல்லா இறக்கைகளும் வளைந்துவிடும். எஞ்சின் முன்பே நின்றுபோயிருந்தால் கீழ்ப்பக்கம் இருந்த ஒன்றோ இரண்டோ மட்டும் மடங்கி, மேலே நிற்பது நேராகவே இருக்கும். மர இறக்கை வளையாது, தெறித்துவிடும். "சத்தமே இல்லாமல் வந்தது" என்று பெரியவர் சொல்லியிருக்கிறார், பிறகு கிடைத்த பழைய படத்தில் ஓர் ப்ரொப்பெல்லர் இறக்கை நேராக நிற்கிறது என்றால், அந்த ஒரு விவரம் உறுதிப்பட்டது. அவர் சொன்ன தேதி உறுதிப்பட்டதா? இல்லை. ஒவ்வொரு விவரத்துக்கும் தனித்தனியாகத்தான் மதிப்பெண். "நம்பகமான சாட்சி" என்று ஆளுக்கு முத்திரை குத்துவதை விட்டுவிடுங்கள்.

கடிகாரத்தையும் மறந்துவிடாதீர்கள். நெதர்லாந்தை ஜெர்மனி பிடித்ததும், 1940 மே 16 முதல் அங்கே கடிகாரங்கள் ஒரு மணி நாற்பது நிமிடம் முன்னால் தள்ளி வைக்கப்பட்டன. பிரிட்டனில் 1941 முதல் 1945 வரை கோடையில் கிரீன்விச் நேரத்துக்கு இரண்டு மணி முன்னால். சாட்சி சொன்ன நேரமும் பதிவேட்டு நேரமும் இடிக்கிறது என்றால், முதலில் எந்தக் கடிகாரம் என்று பாருங்கள். அப்புறம் பெரியவரின் மறதியைக் குறை சொல்லலாம்.

ஆவணமும் கடவுள் வாக்கு இல்லை. படைப்பிரிவின் பதிவேட்டை எழுதியவர் பெரும்பாலும் சம்பவத்தைப் பார்த்தவர் அல்ல. முகாமில் உட்கார்ந்து, கிடைத்த தகவலை எழுதியவர். இடத்துக்கு அருகிலிருந்த ஊரின் பெயரைப் போட்டிருப்பார். எந்த வயல், வேலியின் எந்தப் பக்கம் என்பது அங்கே வளர்ந்தவருக்குத்தான் தெரியும். அவரை அந்த இடத்துக்கே அழைத்துப்போய் கையைக் காட்டச் சொல்லுங்கள். வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து சொல்வதைவிட அது மேல்.

"அப்பா சொல்வார்" என்று தொடங்கும் சாட்சியங்கள் இனிமேல் கூடத்தான் போகின்றன. வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் கேள்விப்பட்டது என்று வெளிப்படையாகக் குறியுங்கள். நேரில் கண்டவர்களின் வரிசையில் கலக்க வேண்டாம்.

விமானம் விழுந்த இடத்தில் வைக்கும் நினைவுக் கல்வெட்டு விஷயத்தில் மட்டும் கெஞ்சியே கேட்கிறேன். விமானியின் பெயரைக் கல்லில் பொறிப்பதற்கு எண் வேண்டும்: விமானத்தின் தொடர் எண், எஞ்சின் தகடு, துப்பாக்கியின் எண், இதில் ஏதாவது ஒன்று பதிவோடு பொருந்த வேண்டும். 1940 மே 24 அன்று பிரான்சின் காலே கடற்கரையில் வயிற்றால் இறங்கிய பி9374 என்ற ஸ்பிட்ஃபயர் மணலுக்குள் புதைந்து, 1980ல்தான் வெளியே தெரிந்தது. எண் கிடைத்ததால் அதை ஓட்டியவர் பீட்டர் காஸனோவ் என்று சந்தேகமின்றிச் சொல்ல முடிகிறது. அப்படிக் கிடைக்கும் என்று மண்வெட்டியோடு கிளம்பிவிடாதீர்கள். பிரிட்டனில் 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி ராணுவ விமானம் விழுந்த இடத்தை அனுமதி இல்லாமல் தோண்டுவது குற்றம். உடல் எச்சமோ வெடிக்காத குண்டோ இருக்க வாய்ப்புள்ள இடத்துக்குப் பொதுவாக அனுமதியும் கிடைக்காது.

எண் கிடைக்கவில்லையா? "இந்த வயலில் ஒரு போர் விமானம் விழுந்தது" என்று மட்டும் எழுதுங்கள். தவறான பெயரைப் பொறித்தால், எங்கோ ஒரு குடும்பம் யாரோ ஒருவருக்காக அங்கே வந்து பூ வைத்துவிட்டுப் போகும். அவர்களிடம் பிறகு போய் யார் சொல்வது?

அடுத்த பேட்டியிலிருந்து ஒன்றைச் செய்து பாருங்கள். படங்களைப் பைக்குள்ளேயே வைத்துவிட்டு, "அன்று என்ன பார்த்தீர்கள்?" என்று மட்டும் கேட்டு, அவர் பேசி முடிக்கும்வரை காத்திருங்கள். அந்த முதல் பேச்சை வெட்டாமல், திருத்தாமல், நாளும் கேட்டவர் பெயரும் குறித்து ஒரு பொது ஆவணக் காப்பகத்தில் சேருங்கள். நீங்கள் சரிபார்த்த முடிவுகளை அதன் பக்கத்தில் தனிக் குறிப்பாக வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் பதிவுகளை விடாமல் படிக்கும் ஒரு வாசகர்