"சுவைப் பயணம்" பாஸுக்கு ஆறு பேருக்குக் கட்டிய 3,894 ரூபாயைத் திருப்பித் தரக் கோரி

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள், பொழுதுபோக்குப் பூங்கா, பெங்களூரு

பொருள்: வந்தால் விடக்கூடாத ஆறு உணவுகள் என்று விற்றுவிட்டு, நான்கைத் தராதது, பணம் கேட்டு வந்தபோது வாசலில் அவமானப்படுத்தியது

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். இது நான் உங்களுக்கு எழுதும் நான்காவது கடிதம். முதல் மூன்றுக்கும் "உங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம்" என்று ஒரே பதில்தான் வந்தது. அதில் ஒன்று இரவு இரண்டரை மணிக்கு வந்து எங்கள் வீட்டில் எல்லோரையும் எழுப்பியது. அதனால் இந்த முறை நடந்ததை முழுவதுமாக எழுதிவிடுகிறேன். தயவுசெய்து இதை ஒரு மனிதர் உட்கார்ந்து படிக்க வேண்டும்.

கடந்த மாதம் 14ஆம் தேதி செவ்வாய்க்கிழமை நாங்கள் ஆறு பேர் உங்கள் பூங்காவுக்கு வந்தோம். என் அம்மா, நான், என் வீட்டுக்காரர், மகள், வேலூரிலிருந்து வந்திருந்த தங்கை, அவள் மகன். நுழைவுச் சீட்டு தனி. அதோடு உங்கள் ஆப்பில் தலைக்கு 649 ரூபாய் கட்டி சுவைப் பயணம் பாஸும் வாங்கினேன். அந்தப் பாஸில் என்னென்ன உண்டு என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கையில் கட்டும் மஞ்சள் காகித வளையம், ஆறு கடை, ஆறு கூப்பன். தட்டு இட்லி, மத்தூர் வடை, தாவணகெரே பெண்ணெ (வெண்ணெய்) தோசை, ராகி முத்தெயும் (களி) கீரைக் குழம்பும், மங்களூர் பன்ஸ் (வாழைப்பழப் பூரி), மைசூர் பாக்கு. "ஒரே நாளில் கர்நாடகம் முழுக்க" என்று மேலே கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள்.

உங்கள் ராட்சத ஊஞ்சலிலும் தண்ணீர் சறுக்கிலும் ஏற என் அம்மா வரவில்லை. அவருக்கு வயது 73, முட்டி வலி. அவர் வந்தது அந்த மத்தூர் வடைக்காக. கல்யாணமாகி பெங்களூருக்கு வந்த புதிதில், அப்பா பின்னி மில்லில் வேலை பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், தசராவுக்கு மைசூருக்கு ரயிலில் போவார்களாம். மத்தூர் ஸ்டேஷனில் வண்டி நின்றதும் கூடையோடு வருபவர்களிடம் வாங்கித் தின்பார்களாம். ரவையும் அரிசி மாவும் மைதாவும் வெங்காயமும் போட்டு, தட்டையாக, ஓரம் மொறுமொறுப்பாக இருக்கும் அந்த வடையின் படத்தை உங்கள் ஆப்பில் காட்டியதும் அம்மா முகம் மாறிவிட்டது. "ரயிலடி மத்தூர் வடை, சுடச்சுட" என்று நீங்கள்தான் எழுதியிருந்தீர்கள். நான் அவரிடம் படித்துக் காட்டினேன்.

அந்தக் கடை மூடிக் கிடந்தது. ஷட்டருக்கு முன்னால் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். பெருக்கிக்கொண்டிருந்த பையன், "சனி, ஞாயிறு மட்டும்தான் ஆன்ட்டி" என்றான். சரி, சனி ஞாயிறு மட்டும் என்றால் செவ்வாய்க்கிழமைக்கு எனக்கு ஏன் கூப்பன் விற்றீர்கள்? தேதியை நான் போட்ட பிறகுதானே உங்கள் ஆப் பணம் வாங்கியது? எந்தக் கடை எந்த நாளில் திறக்கும் என்பது உங்களுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

இந்த இடத்தில், அன்று உள்ளே வரும்போது வாசலில் நடந்ததைச் சொல்ல வேண்டும், முன்பே சொல்லியிருக்க வேண்டும். அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. காலையில் மாத்திரை போட்டால் மதியம் நேரத்துக்குச் சாப்பிட்டாக வேண்டும். அதனால் எவர்சில்வர் டிபன் பாக்ஸில் தயிர் சாதமும் கொஞ்சம் முருங்கைக் கீரைப் பொரியலும் கொண்டுவந்திருந்தேன். உங்கள் காவலர் அதை உள்ளே விடவில்லை. வெளி உணவுக்கு அனுமதி இல்லையாம். மருத்துவச் சீட்டைக் காட்டினேன். ஒரு பிஸ்கட் பாக்கெட்டை மட்டும் விட்டார். "கையில் மஞ்சள் வளையம் இருக்கே, உள்ளே ஆறு கடை இருக்கு, அப்புறம் இது எதுக்கு?" என்றார். நியாயம்தான் என்று நானும் நினைத்தேன். பாக்ஸுக்கு டோக்கன் கொடுத்தார்கள். சாயங்காலம் திரும்ப வாங்கியபோது வெயிலில் இருந்த தயிர் சாதம் புளித்து மூடியைத் தள்ளிக்கொண்டு இருந்தது.

என் புகாரின் உயிர் இதுதான். எங்கள் சாப்பாட்டை உங்கள் கடைகளின் பெயரைச் சொல்லி வாசலில் பிடுங்கினீர்கள். உள்ளே வந்தால் அந்தக் கடைகள் இல்லை.

தட்டு இட்லிக் கடையைக் குறை சொல்ல மாட்டேன். தட்டு அகலத்துக்கு, பஞ்சு மாதிரி, மேலே ஒரு உருண்டை வெண்ணெய் உருகிக்கொண்டிருக்க, தேங்காய்ச் சட்னியோடு கொடுத்தார்கள். அங்கே பரிமாறிய அம்மா கன்னடத்தில் என் அம்மாவிடம் நலம் விசாரித்து, சட்னியில் காரம் குறைவாக வேறு போட்டுக் கொடுத்தார். அவருக்கு நீங்கள் சம்பளம் உயர்த்தினால் எனக்குச் சந்தோஷம். ஆனால் அது காலை பதினொன்றரை மணி.

அதற்குப் பிறகு வடை இல்லை. பெண்ணெ தோசைக் கடையில் வரிசையில் நாற்பது நிமிடம் நின்றோம். முறை வந்ததும் மாவு தீர்ந்துவிட்டது என்றார்கள். வேண்டுமானால் சாதா தோசை தருகிறோம் என்று ஒன்றைக் கொடுத்தார்கள். மண்டக்கி (அரிசிப் பொரி) சேர்த்து அரைத்த மாவு, வெள்ளை வெண்ணெய், உருளைக்கிழங்கு பல்யா (பொரியல்), தேங்காய்ச் சட்னி, இதெல்லாம் சேர்ந்தால்தான் அது தாவணகெரே தோசை. எங்களுக்கு வந்தது வறண்டுபோன ஒரு தோசையும் இரண்டு தக்காளி சாஸ் பாக்கெட்டும். தோசைக்குத் தக்காளி சாஸ்! அதற்கும் கூப்பனைக் கிழித்துக்கொண்டார்கள். என் தங்கை மகன் வாய் திறந்து கேட்டான், "தம்பி, பின்னாடி ஆள் நிக்கிறாங்க" என்று தள்ளிவிட்டார்கள்.

ராகி முத்தெக் கடை இருக்க வேண்டிய இடத்தில் பீட்சா கவுன்ட்டர் இருந்தது. மேலே பலகையில் முத்தெயின் படம் இன்னும் இருக்கிறது, கீழே பீட்சா விற்கிறார்கள். உங்கள் வரைபடத்தில் நான்காம் எண் போட்ட இடம்தான், பாருங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு ராகி நல்லது என்று அம்மாவின் மதியச் சாப்பாட்டை அந்தக் கடையை நம்பித்தான் வைத்திருந்தேன். மணி இரண்டரை. அம்மாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது, நெற்றியெல்லாம் வியர்வை. என் வீட்டுக்காரர் ஓடிப்போய் ஒரு ஜூஸ் வாங்கிவந்தார். அது உள்ளே போன பிறகுதான் அம்மாவுக்குப் பேச்சு வந்தது. அந்தக் கால் மணி நேரத்தை என் வாழ்நாளில் மறக்க மாட்டேன். ஒரு உயிர் போயிருக்கும். இதை நான் மிகைப்படுத்திச் சொல்வதாக நீங்கள் நினைத்தால், உங்கள் அம்மாவை அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள்.

வேறு வழியில்லாமல் அந்தப் பீட்சா கவுன்ட்டரிலேயே சொந்தக் காசில் சாப்பிட்டோம். 1,000 ரூபாய்க்குச் சாப்பாடு, 100 ரூபாய் சேவைக் கட்டணம், அதன் மேல் வரி, மொத்தம் 1,155. சேவைக் கட்டணத்தைப் பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. உங்கள் பில்லில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் இல்லை. இதையெல்லாம் நான் அன்று கவனிக்கவில்லை. உங்கள் ஆட்கள் என்னை நடத்திய விதத்துக்குப் பிறகு ராத்திரி உட்கார்ந்து தேடித் தெரிந்துகொண்டேன்.

மங்களூர் பன்ஸ் நாலு மணிக்கு மேல்தான் என்றார்கள். நாலு மணிக்குப் போனால் இன்று போடவில்லை என்றார்கள். மைசூர் பாக்கு கிடைத்தது, தீப்பெட்டி அளவில் ஆளுக்கு ஒரு துண்டு.

இப்போது, பணம் கேட்டு நேரில் வந்த 24ஆம் தேதிக்கு வருகிறேன். அதற்கு முன் உங்கள் இலவச எண்ணுக்கு ஒன்பது முறை அழைத்தேன். ஐந்து முறை பாட்டு மட்டும் கேட்டேன். கடைசியில் ஒரு பெண், பணம் திரும்ப வேண்டுமென்றால் ஆறு வளையங்களையும் எடுத்துக்கொண்டு பூங்காவின் விருந்தினர் சேவை கவுன்ட்டருக்கு நேரில் வர வேண்டும் என்றார். மரியாதையாகத்தான் பேசினார், நன்றி. நான் வேலைக்கு லீவு போட்டு, அல்சூரிலிருந்து போக வர 1,850 ரூபாய்க்கு வண்டி பிடித்து, சில்க் போர்டு நெரிசலில் வெந்து, வந்து சேர்ந்தேன். உங்கள் விருந்தினர் சேவை கவுன்ட்டர் எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். டிக்கெட் சோதிக்கும் கதவுக்கு உள்ளே! புகார் கொடுக்க நான் இன்னொரு நுழைவுச் சீட்டு வாங்க வேண்டுமாம். காவலர் அதை நேர்மையாகவே சொன்னார், அவர் மேல் கோபமில்லை.

வெயிலில் ஐம்பது நிமிடம் நின்ற பிறகு நீல டை கட்டிய ஒருவர் வெளியே வந்தார். அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அன்று மதியம் பன்னிரண்டு மணி முதல் ஒன்று வரை வாசலில் யார் பணியில் இருந்தார் என்று உங்கள் பதிவேட்டில் இருக்கும். என் கையில் இருந்த வளையங்களைப் பார்த்தார். "இது அறுத்த வளையம், செல்லாது" என்றார். காகித வளையத்தை அறுக்காமல் எப்படிக் கழற்றுவது? பத்து நாள் ஆறு பேரும் கையில் கட்டிக்கொண்டே குளிக்க வேண்டுமா? மத்தூர் வடைக் கடை மூடியிருந்ததைச் சொன்னேன். அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "வடெகோஸ்கர இஷ்டு தூர பந்த்ரா மேடம்?" என்றார். வடைக்காகவா இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று. எனக்குக் கன்னடம் நன்றாகவே தெரியும், பிறந்ததே இந்த ஊரில். அதோடு விடவில்லை. "அதுக்கு மத்தூருக்கே போயிருக்கலாமே" என்றார்.

ஆமாம், வடைக்காகத்தான் வந்தோம். அதைத்தான் நீங்கள் விற்றீர்கள். 649 ரூபாய்க்கு நீங்கள் விற்றது ஊஞ்சல் அல்ல, சாப்பாடு. ஊஞ்சலுக்கு வேறு சீட்டு வாங்கினேன். மத்தூர் வரை கார் பயணத்தை அம்மாவின் முட்டி தாங்காது என்பதால்தான் உங்கள் விளம்பரத்தை நம்பினேன். அந்த மனிதரின் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. ஒரு நாள் சம்பளம் போனது கூடப் பெரிதில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மா, "என்னால்தானே உனக்கு இந்த அலைச்சல்" என்றார். அதற்கு நீங்கள் என்ன விலை போடுவீர்கள்?

உங்கள் நிறுவனத்தின் மேல் எனக்கு விரோதம் எதுவும் இல்லை. என் மகள் உங்கள் பூங்காவை இன்னும் விரும்புகிறாள். அதனால் பணிவாகவே கேட்கிறேன். பாஸுக்குக் கட்டிய 3,894 ரூபாய், பீட்சா பில் 1,155, வண்டிச் செலவு 1,850, மொத்தம் 6,899 ரூபாயை இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் என் கணக்குக்கு அனுப்புங்கள். இரண்டு உணவு கிடைத்ததே என்று கழிக்கப் பார்க்க வேண்டாம். ஆறு சேர்ந்துதான் அந்தப் பாஸ். அந்த நீல டைக்காரரிடமிருந்து என் அம்மாவின் பெயருக்கு எழுத்தில் ஒரு மன்னிப்பு வேண்டும். வார நாளில் திறக்காத கடையின் கூப்பனை வார நாளுக்கு விற்பதை இன்றே நிறுத்துங்கள். சர்க்கரை நோயாளிகளின் சாப்பாட்டை வாசலில் பிடுங்காதீர்கள்.

15 நாளில் பதில் வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம், கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணமும் கிடையாது, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது, எனக்குப் பொறுமையும் இருக்கிறது. அங்கே நான் 6,899 கேட்க மாட்டேன், மன உளைச்சலுக்கு 50,000 சேர்த்துக் கேட்பேன். மூடிய ஷட்டரின் படம், முத்தெப் பலகைக்குக் கீழே பீட்சா விற்கும் படம், சாஸ் பாக்கெட்டோடு தோசையின் படம், பில், எல்லாம் நேரத்தோடு என் போனில் இருக்கின்றன. மூன்றை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

பதிவு எண் முந்தைய மூன்று கடிதங்களிலும் உள்ளது, மறுபடி கேட்க வேண்டாம். வளையங்கள் ஆறும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. வேண்டுமென்றால் ஆள் அனுப்பி வாங்கிக்கொள்ளுங்கள். நான் இனி உங்கள் வாசலுக்கு வர மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
அல்சூர், பெங்களூரு